தண்ணீர் இறங்கிய பக்கம்

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு
மூன்று சொல் போதும்:
பாதமலை, அருவி, எவ்வளவு.
நூரியா என்றவள் மட்டும்
ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
அது செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது:
"யாரும் போகாத இடத்துக்கு அழைத்துச் செல்லவும்."

யாரும் போகாத இடம்.
த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணாமல் யோசித்தேன்.
எங்கள் டிவிஷனுக்கு டாக்டர் போவதில்லை.
பஸ் பாலத்தோடு திரும்பிவிடும்.
ஓட்டுக் கேட்டவர்
ஓட்டுக்குப் பிறகு போனதில்லை.
அங்கே கொண்டுபோய் விட்டால்
காசு தருவாளா?

மஸ்கெலியா ரோட்டின் வளைவுகளில்
அவள் தன் ஊரைச் சொல்ல, ஃபோன் எனக்குச் சொன்னது.
ஸ்பெயினின் வடக்கு மூலைக் கடற்கரை.
குடை நட்டுப் படுத்துக்கிடக்கிற கடல்
அந்த நாட்டின் வேறு பக்கமாம்.
இவள் பக்கம் மழைதான்.
அம்மாவும் சித்தியும்
கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி
முழங்கால் சேற்றில் குனிந்து கிளறுவார்களாம்
மட்டி.
யாரைத் திட்டுகிறது இந்த ஃபோன் என்று
பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டு உள்ளங்கையைச் சிப்பியாக்கி
மூடித் திறந்து காட்டினாள்.

பங்குனி வெயில். தேக்கத்தில்
தண்ணீர் இறங்கி இறங்கி
பழைய டவுன் வெளியே வந்திருந்தது.
கோயிலின் கல்தூண்கள்,
ஒரு கடையின் மூன்று படி (கடை இல்லை),
எங்கேயும் போகாத ஒரு ரோடு.
அணை கட்டியபோது மூழ்கிய ஊர் என்றேன்.
எத்தனை பேர் செத்தார்கள் என்றாள்.
யாரும் சாகவில்லை,
மேலே வேறு டவுன் கட்டிப் போய்விட்டார்கள் என்றேன்.
கொஞ்சம் ஏமாந்தமாதிரி இருந்தது முகம்.

தூணை ஸ்டம்பாக்கிப் பையன்கள் விளையாடினார்கள்.
தண்ணீரில் விழுந்தால் அவுட்,
எடுத்து வருவதும் அடித்தவன்தான்.
அவள் சப்பாத்தைக் கழற்றி என் சீட்டில் வைத்துவிட்டு
சேற்றுக்குள் போனாள்.
முதுகு தானாகக் குனிந்தது,
கை தானாக உள்ளே போனது.
ஒரு செருப்பு வார் கிடைத்தது.
பிறகு ஒன்றுமில்லை.
விரலை நக்கிப் பார்த்து
"உப்பில்லை" என்று சைகை காட்டினாள்.
படம் ஒன்று எடுத்தாள்.
தூணை அல்ல,
காய்ந்து வெடித்த சேற்றில் தன் காலடியை.

திரும்பும் வழியில்
அந்தி நிறுவைக்குக் கொழுந்துச் சாக்குகளோடு வரிசை.
நிறுத்து நிறுத்து என்று தோளைத் தட்டினாள்.
என் மனைவி தவமலரின் முறை.
தராசு பத்தொன்பது காட்டியது.
புத்தகத்தில் பதினேழு எழுதினார்கள்.
நூரியா தராசைக் காட்டினாள், இரண்டு விரலைக் காட்டினாள்,
நனைந்த சாக்கைத் தொட்டு
தன் பாஷையில் ஏதோ கேட்டாள்.
ஃபோன் பையில் இருந்தது.
இருந்தாலும் விளங்கியது: ஈரத்துக்கா?
அவள் அம்மாவின் மட்டியிலும்
ஈரத்துக்குக் கழிப்பார்களாம்,
சேற்றுக்குத் தனியாக.
அதைக் கையாலேயே சொன்னாள்,
தவமலரும் கையாலேயே பதில் சொன்னாள்.
இரண்டு பேரும்
புத்தகம் எழுதுகிறவனை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.
அவன் பேனாவை உதறிக்கொண்டு
அடுத்தது என்றான்.

தவமலர் என் காதருகே வந்து கேட்டாள்:
"இவ எந்தத் தோட்டம்?"

ஸ்டேஷனில் இறக்கிவிட்டு,
பேசிய காசில் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏன் என்று ஃபோன் கேட்டது.
ஈரத்துக்கு என்றேன்.
அது அவளிடம் என்னவென்று சொன்னதோ,
ரயில் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

மிதியடியில் ஒட்டிய பழைய டவுன் மண்ணை
இரண்டு நாள் கழுவவில்லை.
கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம்
காலைத் தூக்கி வைத்துக்கொண்டே பயணம் செய்தது.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது.
பையன்கள் இப்போது மேல் ரோட்டில் அடிக்கிறார்கள்.
இனி யாராவது வந்து
யாரும் போகாத இடம் கேட்டால்
கரையில் நிறுத்தி
தண்ணீரைக் காட்ட வேண்டும்,
அதோ, கீழே.